படபடப்பா? காபியை விடும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

"நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர், காபியைக்கூட விட்டுட்டேன், நிக்கலை" என்று வருகிறவர்களிடம், ஈசிஜிக்கு அனுப்பும் முன்பே நான் கேட்பது இந்த வாரம் என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைத்தான். எதுவும் போடவில்லை என்பார்கள். சளி, தலைவலி? "அதுவா, மெடிக்கல்ல ஒரு செட் வாங்கிப் போட்டேன்." அந்தச் செட்டுக்குப் பலர் மாத்திரை என்ற அந்தஸ்தே கொடுப்பதில்லை.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் நாடித்துடிப்பையே கூட்டும். சில சளி, தலைவலி மாத்திரைகளில் கஃபைனும் சேர்ந்தே வரும், ஒரு மாத்திரைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை, அதாவது கிட்டத்தட்ட ஒரு டீ. காபியை விட்டுவிட்டு இதை மூன்று வேளை போட்டால் என்ன பயன்? அட்டையோடு வாங்கினால் பின்பக்கம் எழுதியிருக்கும். காகிதத்தில் மடித்துத் தரும் செட்டில் அதுவும் கிடையாது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. குடித்த கஃபைனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும், அந்த வேலையைக் கல்லீரலில் ஒரு நொதி செய்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்த நொதியைத் தடுத்துவிடும், மனநல மருந்தான ஃப்ளூவாக்சமைன் இன்னும் பலமாகத் தடுக்கும். வழக்கமான இரண்டு டம்ளர் காபியே அப்போது நாலு டம்ளர் மாதிரி வேலை செய்யும். வீசிங்குக்குத் தரும் தியோஃபிலின், கஃபைனுக்குப் பங்காளி முறை, அதே நொதியை நம்பித்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் தியோஃபிலின் சாப்பிடும் ஒரு பெரியவர் வயிற்றுப்போக்கு என்று கடையில் சிப்ரோ வாங்கிப் போடுகிறார், ரெண்டு மூணு நாளில் கை நடுக்கம், வாந்தி, நெஞ்சில் குதிரை ஓட்டம். அளவு மிஞ்சினால் வலிப்புகூட வரும். புதிதாக அவர் எதுவும் தப்பாகச் சாப்பிடவில்லை, சேர்க்கைதான் தப்பு.

புகையை விட்டவர்களுக்கும் இதே கதைதான். சிகரெட் புகை அந்த நொதியை முடுக்கிவிடும், நிறுத்தியதும் அது பழைய வேகத்துக்கு வந்துவிடுவதால் அதே காபி ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். படபடப்பை "சிகரெட் விட்டதால் வந்த கெடுதி" என்று நினைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டாம், காபியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். தியோஃபிலின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் சரியாக உறிஞ்சப்படாது, ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸைக் கூட்டுவோம். அப்புறம் யாரோ சொல்லி வெறும் தண்ணீரில் போட ஆரம்பிப்பார்கள், கூட்டிய டோஸ் முழுசாக ஏறிவிடும். படபடப்பு, வியர்வை, எடை குறைதல்.

காபி மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், காபி குடித்த நாட்களில் இதயத்தின் மேலறைத் தப்புத்துடிப்புகள் (இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள்) குறிப்பிடும்படி கூடவில்லை, கீழறைத் தப்புத்துடிப்புகள் கூடின, தூக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் குறைந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபைன் வரை பரவாயில்லை, கர்ப்பிணிகளுக்கு 200தான்.

அதற்காக மருந்துகளை நீங்களே நிறுத்தவும் கூடாது. இன்ஹேலர் அடித்ததும் கொஞ்ச நேரம் இதயம் வேகமாக அடிப்பது தெரிந்த விஷயம், அதற்குப் பயந்து இன்ஹேலரைத் தூக்கிப் போட்டால் மூச்சுத்திணறலில் போய் நிற்கும். இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் படபடப்பு முன்னைவிட மோசமாக வரும்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மற்றவர்கள் வரும்போது வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம், சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். படபடப்பு இருக்கும்போதே யாரையாவது ஒரு நிமிஷம் நாடியை எண்ணச் சொல்லி எழுதிவையுங்கள், ஏனென்றால் நீங்கள் என் அறைக்கு வந்து சேரும் நேரத்தில் பெரும்பாலும் ஈசிஜி சமர்த்தாகத்தான் இருக்கும்.