புரோபோசிஸ்: உறிஞ்சுகுழல் என்னும் சொல்லின் பொருத்தம்

கொசு, வண்ணத்துப்பூச்சி, ஈ ஆகியவற்றின் நீண்ட வாயுறுப்பைக் குறிக்க உயிரியல் நூல்களில் வழங்கும் புரோபோசிஸ் என்ற சொல்லில் உறிஞ்சுதல் என்ற பொருள் எங்கும் இல்லை. கிரேக்கத்தில் ‘புரோ’ என்பது முன் என்றும், ‘போஸ்கெய்ன்’ என்பது ஊட்டுதல், மேய்த்தல் என்றும் பொருள்படும். முன்னே நீண்டு உணவு தருவது என்ற கருத்தில் அமைந்த ‘புரோபோஸ்கிஸ்’ அம்மொழியில் யானையின் துதிக்கைக்கு வழங்கிய பெயராகும். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பின்னரும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. 1811இல் ஜெர்மானிய விலங்கியலாளர் இல்லிகர் யானையினத்துக்குப் புரோபோசிடியா என்று பெயர் சூட்டினார். பூச்சிகளுக்கு இச்சொல் வடிவ ஒப்புமையால் வந்து சேர்ந்தது.

தமிழும் யானையின் இவ்வுறுப்பைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்ட மொழிதான். புறநானூற்றின் 19ஆம் பாட்டில் குடபுலவியனார், போர்க்களத்தில் வெட்டுண்டு வீழ்ந்த துதிக்கையைத் ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறார். தூம்பு என்பது உள்ளே துளையுடைய குழாய். ஏரி நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் குமிழித்தூம்பில் இன்றும் அச்சொல் வாழ்கிறது. தும்பிக்கை என்ற சொல்லையும் இத்தூம்போடு சேர்த்துப் பார்ப்பது பொருந்தும். கிரேக்கர் பயனைக் கொண்டு பெயரிட, நம்மவர் உறுப்பின் அமைப்பையே பெயராக்கினர்.

ஆயினும் பூச்சியின் வாயைத் துதிக்கை என்றோ தும்பிக்கை என்றோ எழுதுவது சரியன்று. யானை நீரைத் துதிக்கைக்குள் இழுத்துப் பின்னர் வாய்க்குள் பீய்ச்சிக் குடிக்கிறது. துதிக்கை வழியாக எதையும் விழுங்குவதில்லை. மூக்கும் மேலுதடும் இணைந்து நீண்ட உறுப்பு அது. பூச்சிக்கோ அக்குழலே வாய். உணவு அதன் வழியாகத்தான் உடலுக்குள் செல்கிறது. ஆகவே உறிஞ்சுகுழல் என்ற சொல்லே தக்கது என்பது என் துணிபு. சூப்புதலும் சப்புதலும் உதடும் நாவும் செய்யும் வேலை. பருகுதல் பொதுவாகக் குடிப்பதைக் குறிக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாக்கி நீர்மத்தை இழுப்பதற்கு உறிஞ்சு என்பதைவிட நேரான வினை தமிழில் இல்லை. அதே வேளையில் உறிஞ்சி என்று மட்டும் எழுதினால், அட்டை தன் உடலின் இரு முனைகளிலும் கொண்டுள்ள ஒட்டிக்கொள்ளும் வட்டுகளையும் அது குறித்துவிடும். குழல் என்பதைச் சேர்த்தால்தான் ஐயம் நீங்கும்.

கொசுவின் உறிஞ்சுகுழலை உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒற்றை ஊசி அல்ல என்பது விளங்கும். கீழுதடு நீண்டு உறையாக அமைய, அதனுள் ஆறு நுண்ணூசிகள் ஒரு கற்றையாகப் பொதிந்திருக்கின்றன. கடிக்கும்போது உறை தோலுக்கு வெளியிலேயே வளைந்து நின்றுவிட, ஊசிக்கற்றை மட்டும் உள்ளே இறங்குகிறது. ஓர் ஊசியின் வழியாக உமிழ்நீர் செல்கிறது. இன்னொன்றின் வழியாகக் குருதி ஏறுகிறது. ஏனையவை தோலைத் துளைத்துப் பிடிக்கின்றன. தலைக்குள் இருக்கும் இரண்டு தசைப் பம்புகளே உறிஞ்சும் வேலையைச் செய்கின்றன. இக்கருவியால் குருதி குடிப்பது பெண் கொசு மட்டுமே; ஆண் கொசு பூந்தேனோடு நின்றுவிடுகிறது.

வண்ணத்துப்பூச்சியின் குழலில் துளைக்கும் ஊசிகள் இல்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது அது நெடுக்குவாட்டில் இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். பூச்சி அவற்றைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றோடொன்று பொருத்திக் குழலாக்கிக்கொள்கிறது. இதன் நீளம் எதுவரை போகும் என்பதற்கு மடகாஸ்கர் சான்று தருகிறது. அங்குள்ள ஓர் ஆர்க்கிட் மலரின் தேன், ஏறத்தாழ ஓர் அடி நீளக் குழாயின் அடியில் இருப்பதைக் கண்ட டார்வின், அதை எட்டும் குழலுடைய அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று 1862இல் எழுதினார். அவர் மறைந்து இருபத்தோராண்டுகள் கழித்து, 1903இல் அப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

வீட்டு ஈயின் குழல் முனையில் பஞ்சு போன்ற இரு மடல்கள் உள்ளன. அது உணவின்மேல் உமிழ்நீரை விட்டுக் கரைத்து, பிறகு ஒற்றி எடுக்கிறது. ‘ஒற்றுறிஞ்சு வாய்’ என்பது அதற்கு நன்கு பொருந்தும்.

அசுவினியிடம் வரும்போது உறிஞ்சுதல் என்ற வினையையே சற்று நிதானித்து ஆள வேண்டியிருக்கிறது. உழவர்கள் அதைச் சாறு உறிஞ்சும் பூச்சி என்கின்றனர். வழக்கில் அது நிலைபெற்றுவிட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனால் அசுவினியின் ஊசிகள் செடியின் உணவுக்குழாயைத் தொட்டவுடன் அங்குள்ள அழுத்தமே சாற்றை உள்ளே தள்ளுகிறது. பூச்சியை நீக்கி, குத்திய ஊசியை மட்டும் செடியிலேயே விட்டுவைத்தாலும், அதன் வெட்டுமுனையில் சாறு தொடர்ந்து கசியும். செடிச்சாற்றை ஆராய்வோர் இம்முறையைக் கையாள்கின்றனர். மிகுதியாக உள்ளே போன சர்க்கரை நீர்தான் தேன்துளியாக வெளியேறி எறும்புகளை அழைக்கிறது.

புரோபோசிஸ் என்று ஆங்கிலத்தில் கண்ட இடமெல்லாம் உறிஞ்சுகுழல் என்று பெயர்த்துவிடவும் கூடாது. கடல்வாழ் நெமெர்ட்டியன் புழுக்கள் அப்பெயருடைய உறுப்பை வெளியே வீசி இரையைச் சுற்றிப் பிடிக்கின்றன. அங்கே துதிக்கை என்பதே தகும். போர்னியோத் தீவின் புரோபோசிஸ் குரங்குக்கு நீண்டிருப்பது மூக்கு மட்டுமே ஆகையால், அதை நீள்மூக்குக் குரங்கு என்று எழுத வேண்டும்.