13 கிராமில் ஒரு விமான உடல்

ஒரு மீட்டர் இறக்கை அகலமுள்ள சிறிய ரிமோட் விமானத்துக்கு உடல் சுமார் 700 மி.மீ. நீளம் இருக்கும். மூக்குப் பக்கம் 60×80 மி.மீ., வால் முனையில் 20×30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கங்களையும் விரித்தால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.13 சதுர மீட்டர். கன மீட்டருக்கு 33 கிலோ அடர்த்தியுள்ள 3 மி.மீ. டெப்ரான் (மெல்லிய பாலிஸ்டைரீன் ஃபோம்) தாளில் வெட்டினால் அதன் எடை 13 கிராம்தான். ஆனால் கட்டி முடித்துத் தராசில் வைத்தால் 40 கிராமைத் தாண்டிவிடுவது சாதாரணம். மீதி எடை ஃபோமில் இல்லை. பசையிலும் டேப்பிலும், தேவையில்லாத இடத்தில் வைத்த வலுவூட்டலிலும்தான் இருக்கிறது.

முதலில் பசை. க்ளூ கன்னால் ஓர் உள்மூலை முழுக்க 3 மி.மீ. பக்கமுள்ள முக்கோண வரியாகப் பசை இழுத்தால், 700 மி.மீ. நீளத்துக்கு 3 கிராம் சேரும். நான்கு மூலைக்கு 12 கிராம். கிட்டத்தட்ட ஃபோமின் எடை அப்படியே இரட்டிப்பாகிறது. ஃபோமுக்கென்றே வரும் கான்டாக்ட் பசையை இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் உலரவிட்டு அழுத்தினால் அதில் சிறு பங்குதான் ஏறும், ஒட்டும் வலுவாக இருக்கும். சாதாரண சூப்பர் க்ளூ டெப்ரானையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும். வாசனையற்ற, ஃபோமுக்கான வகையே வேண்டும். ஈ.பி.பி. எனும் பாலிபுரோப்பிலீன் ஃபோம் மட்டும் சாதாரண சூப்பர் க்ளூவைத் தாங்கும். வெள்ளைப் பசையை இரண்டு அகலமான தாள்களுக்கு நடுவே தடவாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் உள்ளே ஈரமாகவே கிடக்கும். இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையை மோட்டார் தாங்கிக்கும் லேண்டிங் கியர் அமரும் இடத்துக்கும் மட்டும் ஒதுக்குங்கள்.

இனி விறைப்பு. 3 மி.மீ. தாளைக் கையில் பிடித்தால் துவள்கிறது, இது எப்படி விமானத்தைத் தாங்கும் என்று பலரும் 6 மி.மீ.க்குப் போய்விடுகிறார்கள். தனித் தாளின் விறைப்பு தடிமனைப் பொறுத்தது உண்மைதான். ஆனால் பெட்டியின் விறைப்பு வடிவத்தைப் பொறுத்தது. 50 மி.மீ. சதுரக் குழாயை 3 மி.மீ. சுவரில் செய்து, நீளவாக்கில் ஒரே ஒரு மூலையை ஒட்டாமல் விடுங்கள். நான்கு மூலையும் ஒட்டிய குழாயோடு ஒப்பிட்டால் முறுக்கலுக்கு அது காட்டும் எதிர்ப்பு 200-இல் ஒரு பங்குதான். மூடிய குழாயில் முறுக்கு விசை சுவர் வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பிளவு இருந்தால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. கட்டும்போது இதை நேரில் பார்க்கலாம். மேல்தட்டு ஒட்டுவதற்கு முன் மூக்கையும் வாலையும் பிடித்துத் திருப்பினால் உடல் விரல் சொன்னபடி கேட்கும். ஒட்டியபின் அசையாது.

அதனால்தான் வேலை வரிசையில் மேல்தட்டு கடைசி. இரண்டு பக்கத் தட்டுகளையும் குண்டூசியால் சேர்த்துப் பிடித்து, புது பிளேடால் ஒரே நேரத்தில் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்க்கும். மூக்கிலிருந்து இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டும்வரை உள்பக்கம் இன்னொரு 3 மி.மீ. தாள் ஒட்ட வேண்டும். அது முடியும் இடத்தை நேர்க்கோடாக வெட்டாமல் ‘வி’ வடிவில் கூராக்குங்கள். தடிமன் திடீரென மாறும் இடத்தில்தான் தகைவு (உள்ளே எழும் அழுத்தம்) குவியும். வன்மையாகத் தரையிறங்கியபின் இறக்கைக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு சுருக்கம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. வால் தன் வேகத்தில் கீழே இழுக்க, அடித்தட்டு நசுங்கியிருக்கிறது.

குறுக்குத் தடுப்புகள் மூன்று நான்கு போதும்: இறக்கையின் முன்விளிம்பு, பின்விளிம்பு, லேண்டிங் கியர் அமரும் இடம், வாலுக்கு நடுவழியில் ஒன்று. அவை எடையைச் சுமப்பதைவிட, பெட்டி சாய்சதுரமாகக் கோணாமலும் சுவர் உள்வாங்காமலும் பார்த்துக்கொள்வதே முக்கியம். பலகையில் நடுக்கோடு வரைந்து அதன்மேல் வைத்து வால் முனைகளைச் சேருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட விறைப்பாக இருந்தால் உடல் வில்லாக வளையும். அடித்தட்டை ஒட்டி, வாலில் அசையும் ரட்டருக்கும் (இடவலம் திருப்புவது) எலிவேட்டருக்கும் (மேல்கீழ் திருப்புவது) போகும் கம்பிகளின் குழாய்களைச் சுமார் 100 மி.மீ.க்கு ஓரிடத்தில் தாங்கிப் பிடித்து, அதன்பிறகே மேல்தட்டு. தாங்கல் இல்லாத கம்பி அழுத்தும்போது நடுவில் வளையும். கம்பியைத் தள்ளும் சிறு மோட்டாரான செர்வோ திரும்பும், எலிவேட்டர் நகராது. மேல்தட்டை வளைவாக வைக்க விரும்பினால் துண்டுத் தாளில் சோதியுங்கள். டெப்ரான் ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் உடையும். வெளிப்பக்கம் டேப் ஒட்டி மேசை விளிம்பில் மெல்ல இழுத்தால் விரிசல் விழாது.

கார்பன் பட்டை விஷயத்தில் இடம்தான் எல்லாம். 3×0.5 மி.மீ. பட்டை 700 மி.மீ. நீளத்துக்கு 1.7 கிராம்தான். அதை உடலின் நடு உயரத்தில் ஒட்டினால் மேல்கீழ் வளைவுக்கு எந்த உதவியும் இல்லை, ஏனெனில் அங்கே நீட்சியும் இல்லை, அமுக்கமும் இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என எவ்வளவு விலக்கி வைக்க முடியுமோ அவ்வளவு விலக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவது இன்னும் மோசம்: 20 டிகிரி சூடேறினால் 700 மி.மீ. பாலிஸ்டைரீன் சுமார் 1 மி.மீ. நீளும், கார்பன் நீளாது. காலையில் நேராக இருந்த வால் மதிய வெயிலில் வளைந்து, நேராகப் பறக்கச் செய்துவைத்த டிரிம் மாறிப்போகும். அடர்நிற பெயின்ட் இந்தச் சூட்டை இன்னும் கூட்டும்.

பேட்டரிக் கதவு முறுக்கு விறைப்பைத் திருடும் முதல் இடம். அதைச் சின்னதாக வையுங்கள். திறப்பின் இருபுறமும் 12 மி.மீ. அகலத்துக்காவது மேல்தட்டு மிஞ்சட்டும், உள்ளே சுற்றிலும் 6 மி.மீ. ஃபோம் சட்டம் ஒட்டுங்கள்.

மோட்டார் தாங்கிக்கு 3 மி.மீ. பிளைவுட். மோட்டாருக்கு வலப்புறமும் கீழ்ப்புறமும் சுமார் 2 டிகிரி சாய்வு வேண்டுமென்றால் பக்கத் தட்டுகளின் முன்விளிம்பையே அந்தக் கோணத்தில் வெட்டிவிடுவது நல்லது. வாஷர் வைத்துச் சரிசெய்தால் அதிர்வில் தளரும். தாங்கியின் பின்னால் நான்கு மூலையிலும் முக்கோணத் துண்டுகள் கட்டாயம். விசை விளிம்பில் மட்டும் விழுந்தால் ஃபோம் நசுங்கி, கோணம் மெல்ல மாறிவிடும். காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்கட்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. சூடாகும், அதை ஃபோமில் நேரடியாக ஒட்டாதீர்கள்.

மேற்பூச்சுக்கு, சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை உலர்வாக விரித்து, நீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷை நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் முழு உடலுக்கும் 7, 8 கிராம் ஆகும். பாலியஸ்டர் ரெசின் ஃபோமைக் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்டுகளில் பலவும் அப்படியே. எடையில் கறாராக இருந்தால் மூக்குக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும் பூசுங்கள். ஈர்ப்பு மையத்துக்கு 420 மி.மீ. பின்னால் வாலில் சேரும் ஒவ்வொரு கிராமுக்கும், 170 மி.மீ. முன்னால் உள்ள மூக்கில் 2.5 கிராம் ஈயம் வைத்துச் சமன்செய்ய வேண்டியிருக்கும். எனவே உப்புத்தாளைக் கையில் எடுத்தால் வால் பக்கத்து மூலைகளிலிருந்து தொடங்குங்கள். மூக்கைத் தேய்த்து எடை குறைப்பதால் கிடைப்பது சொற்பம்.