எலி சாகவில்லை, சரி. அதற்காக?

‘ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டது’ என்று லேபல் ஒட்டிய மூலிகைப் போத்தல்கள் வெள்ளவத்தைக் கடைத் தட்டுகளில் கூடிக்கொண்டே போகின்றன. எதைப் பரிசோதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாது. தயாரித்தவரைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு றிப்போர்ட் வரும். அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பக்டீரியா, பூஞ்சணம், ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்ற கணக்கு. பொருள் அழுக்கில்லாமல் இருக்கிறதா என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மற்றது, எலிக்குக் கொடுத்துப் பார்த்த றிப்போர்ட். ‘கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை இறப்பு இல்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ‘பக்கவிளைவே இல்லாதது’ என்று ஊரெல்லாம் விற்கிறார்கள். சிறுநீரகக் கிளினிக்கில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) ஏறிப்போய் உட்கார்ந்திருப்பவரின் பையிலும் அதே போத்தல்தான்.

அந்த வரி எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஓஇசிடி என்ற சர்வதேச அமைப்பு வகுத்த 423ஆம் இலக்கச் சோதனை முறையில், இரவு முழுக்கப் பட்டினி போட்ட மூன்று எலிகளுக்கு, வழக்கமாகப் பெண் எலிகளுக்கு, மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைக் குழாய் வழியே வயிற்றில் ஒரே ஒரு தடவை செலுத்துவார்கள். தொடக்க அளவு கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்ற நான்கில் ஒன்று. 200 கிராம் எலிக்கு உச்ச அளவு 400 மில்லிகிராம் சாறு. முதல் நான்கு மணிநேரம் கூடுதல் கவனிப்பு, பிறகு பதினான்கு நாள் தினமும் பார்வை. 2000இல் ஒன்றும் சாகாவிட்டால் இன்னும் மூன்று எலிகளில் அதையே திருப்பிச் செய்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். ஆக ஆறு எலி, ஒரு வேளை, இரண்டு கிழமை. உடனடியாகக் கொல்லும் நஞ்சா, லேபலில் மண்டையோடு போட வேண்டுமா என்று வகைப்படுத்தத்தான் இந்தச் சோதனை இருக்கிறது. மூன்று மாதம் தினமும் காலையில் குடிக்கலாமா என்ற கேள்வியை இங்கே யாருமே கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் 28 நாள், 90 நாள் சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் தினமும் மருந்து கொடுத்து, இரத்தம் எடுத்து, முடிவில் ஈரலையும் சிறுநீரகத்தையும் வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். செலவு அதிகம் என்பதால் அந்தப் பக்கம் அநேகர் போவதில்லை.

‘2000 என்றால் எவ்வளவு பெரிய அளவு!’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது, உடற்பரப்புக் கணக்குப்படி 6.2 ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 19 கிராம் சாறு என்று வரும். இனி நம் வீட்டுக் கசாயத்துக்கு வருவோம். பன்னிரண்டு கழஞ்சு, அதாவது 60 கிராம் சரக்கு. எட்டுப் ‘பத’ (பழைய வைத்திய அளவு) தண்ணீர், அதாவது 1920 மில்லிலீற்றர். எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்தால் 240 மில்லிலீற்றர். சரக்கில் பத்து வீதம் கரைந்து இறங்கியது என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 6 கிராம் சாறு உள்ளே போகிறது. எலிக்கு ஒரே தடவை கொடுத்த அளவுக்கும் நீங்கள் தினமும் குடிப்பதற்கும் வெறும் மூன்று மடங்குதான் இடைவெளி. நச்சியல் படித்த எவரும் குறைந்தது பத்து மடங்காவது விட்டுவைப்பார்கள்.

எலி மனிதனும் இல்லை. இதைச் சொன்னால் ‘அது தெரியும்’ என்று தலையாட்டுவார்கள், ஆனால் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, அதன் உடலமைப்பே அப்படி. உங்களுக்குக் குடலைப் பிரட்டும் கசாயத்தைக் குடித்துவிட்டும் அது பேசாமல் இருக்கும். அதற்குப் பித்தப்பையும் கிடையாது. தலை சுற்றுகிறது, நாக்கு மரத்துப்போகிறது என்றெல்லாம் அது சொல்லவும் போவதில்லை. இவற்றை விடுங்கள், மஞ்சள் அலரியை எடுங்கள். 1980களிலிருந்து நம் வைத்தியசாலைகளுக்குப் பழகிப்போன நஞ்சு அது. அதிலுள்ள கிளைக்கோசைட்டுகள் என்ற நச்சுப் பொருட்கள், இதயக் கலங்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் ‘சோடியம் பம்பை’ப் பிடித்து நிறுத்துகின்றன. எலியின் இதயத்திலுள்ள பம்ப் இந்த வகை நஞ்சுக்கு இலகுவில் மசியாது. மனித இதயத்தைத் தடுமாற வைக்கும் அளவை எலி தாங்கிக்கொண்டு கூட்டுக்குள் ஓடித்திரியும். கினிப்பன்றி தாங்காது. இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நச்சுச் செடியிலேயே எலி நம்மை ஏமாற்றும் என்றால், பெயர் தெரியாத வேரில் என்ன உத்தரவாதம்?

அடுத்தது காலம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஸ்டெபானியா என்ற சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில், பெயர் ஒத்துப்போன அரிஸ்டலோக்கியா இனம் ஒன்று கலந்துவிட்டது. சிலருக்குச் சில வருடங்கள் கழித்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் வந்தது. பதினான்கு நாள் சோதனையில் அது எப்படித் தெரியும்? அரிஸ்டலோக்கியா கலந்த மூலிகை மருந்துகளை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதலாம் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது. நம் ஈஸ்வரமூலி, சிங்களத்தில் சப்சந்த, அதே குடும்பம்.

பெயர்க் குழப்பம் பெல்ஜியத்தோடு நிற்கவில்லை. புறக்கோட்டை கபோஸ் லேனில் மரமஞ்சள் கேட்டால் வெனிவெல் தருவார்கள், அது கொசினியம். இந்திய ஆயுர்வேத நூல்களின் தாருஹரித்ரா என்பது பெர்பெரிஸ், வேறு குடும்பம். இரண்டுக்கும் மஞ்சள் நிறம் தருவது ஒரே பெர்பெரின்தான். அதனால் நிறத்தைப் பார்த்தோ பெர்பெரின் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோ பிரித்தறிய முடியாது. ஜாம் போத்தலில் கபிலத் தூள் ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து நீட்டி ‘சைட் எஃபெக்ட் இருக்கா இல்லையா, அதை மட்டும் பார்த்துத் தாங்க’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தூளாக்குவதற்கு முன் கொண்டுவாருங்கள். இலை, பூ, முடிந்தால் காயோடு ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவையுங்கள். எங்கே, எந்த மாதம் பறித்தது என்று எழுதுங்கள். பேராதனைத் தேசிய உலர்தாவரச் சேகரிப்பில் ஒப்பிட்டு அடையாளம் உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் சொல்ல இருக்கிறது. ஊரில் தண்ணீரில் காய்ச்சிக் குடிப்பதை நீங்கள் மெதனோலில் ஊறவைத்துச் சோதிக்கிறீர்கள். மெதனோல் இழுத்தெடுக்கும் பொருட்கள் வேறு, கொதிநீரில் இறங்குபவை வேறு. கார்த்திகைக் கிழங்கைச் சுத்தி (நஞ்சைக் குறைக்கும் பக்குவம்) செய்யாமல் எந்தச் சித்த வைத்தியரும் மருந்தில் சேர்க்கமாட்டார். நீங்கள் பச்சைக் கிழங்கைச் சோதித்துவிட்டு மருந்தைப் பற்றி முடிவு எழுதுகிறீர்கள். குடிக்கிற மாதிரியே காய்ச்சி, வடித்து, உறைநிலையில் உலர்த்தி, எத்தனை வீதம் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அந்த வீதம் இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கை யாராலும் போட முடியாது.

சாறு நஞ்சா என்று பார்க்கும் உப்புநீர் இறால் சோதனை மலிவு என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். மீன்தொட்டிக் கடையில் ஆர்ட்டீமியா, அதாவது அந்த இறாலின் முட்டை கிடைக்கும். கடல்நீரில் காற்றோட்டத்துடன் 28 பாகையில் விட்டால் ஒன்றரை நாளுக்குள் பொரிக்கும். வெளிச்சத்தை நோக்கி நீந்திவரும் குஞ்சுகளில் பத்துப் பத்தாக எடுத்து, ஐந்து மில்லிலீற்றர் குப்பிகளில், மில்லிலீற்றருக்கு 10, 100, 1000 மைக்ரோகிராம் சாறு என்ற செறிவுகளில் விட்டு, 24 மணிநேரம் கழித்து எண்ண வேண்டும். பத்துச் செக்கன் அசையாவிட்டால் செத்தது. இங்கே பிழைக்கிற இடங்கள் எப்போதும் ஒன்றேதான். சாறு கரையவில்லை என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஒரு வீதத்துக்கு மேல் ஊற்றினால், குஞ்சைக் கொன்றது சாறா கரைப்பானா என்று தெரியாது. தனின் (துவர்ப்புப் பொருள்) அதிகமான சாறு அடியில் படிந்து குஞ்சுகளைச் சிக்கவைக்கும். இரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சு தானாகவே சாகலாம். சாறு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குப்பி இல்லாத அட்டவணையைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கிலுகிலுப்பை இனங்களிலுள்ள பைரோலிசிடின் அல்கலோயிட்டுகள் நம் ஈரலுக்குள் போன பிறகுதான் நஞ்சாக மாறுகின்றன. இறால் குஞ்சுக்கு அந்த ஈரல் ஏது? அது உற்சாகமாக நீந்தும், நீங்கள் ‘நச்சற்றது’ என்று எழுதுவீர்கள்.

டிபிபிஎச் என்ற சோதனைக் கரைசலின் ஊதா நிறம் மஞ்சளாக மாறியதை வைத்து ‘ஒட்சியேற்ற எதிரி, ஆகவே புற்றுநோய் மருந்து’ என்று தாவுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பிளேன்டீயை ஊற்றிப் பாருங்கள், அதுவும் மாற்றும். தட்டில் புற்றுநோய்க் கலம் செத்தது என்பவர்கள், சாதாரணக் கலத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். வினாகிரியும் இரண்டையும் கொல்லும்.

குடிப்பவர்களுக்கு. கொலஸ்ட்ரோல் குறையும் என்று பிலிங்காய்ச் சாற்றையோ காமரங்காய்ச் சாற்றையோ டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள். கறியில் போடும் இரண்டு மூன்று காய் வேறு கதை. சாறாகப் பிழியும்போது ஒக்சலேற்று மொத்தமாக உள்ளே போய்ச் சிறுநீரகக் குழாய்களில் பளிங்காகப் படிகிறது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்கள் காமரங்காயைத் தொடவே வேண்டாம், அது மூளையையும் தாக்கும். மெட்போமின் எடுப்பவர் பாகல் சாறும் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கிளினிக்கில் ‘வேறு மருந்து எடுக்கிறீங்களா?’ என்று கேட்டால் கசாயத்தையும் சொல்லுங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைக்காதீர்கள், ஏசினால் ஏசட்டும். அரை சிறுநீரகம் போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும் என்பதால், ‘போன மாத றிப்போர்ட் நோர்மல்’ என்பதை நம்பித் தொடராதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெயர் தெரியாத எதையும் குடிக்க வேண்டாம், பதிவுபெற்ற வைத்தியர் தந்தாலன்றி.

கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், நெஞ்சு படபடத்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது மிச்சமிருக்கும் கசாயம், அடியில் வடித்த சக்கை, போத்தல், லேபல், பறித்த செடியின் ஒரு கிளை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. அங்கே உங்கள் வைத்தியரிடம் முதலில் கேட்கப்படப்போவது ‘என்ன செடி?’ என்றுதான். சக்கையைக் குப்பையில் கொட்டிவிட்டு வராதீர்கள்.