வேளாண்மை செய்த விரலும் தொடுதிரையும்

செயலிகளை வெளியிடுமுன் முதியவர்களிடம் கொடுத்துப் பார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி. "வயசானவங்களுக்கு இது விளங்காது" என்று வீட்டார் சொல்லும்போது, பெரும்பாலும் அவர்களுக்கு விளங்கியிருக்கும். விரல்தான் திரைக்குப் பிடிபட்டிருக்காது.

மட்டக்களப்பின் படுவான்கரையில், வாழ்நாளெல்லாம் வேளாண்மை செய்த முதியவர் ஒருவர் சரியான பொத்தானைத்தான் தொட்டார். திரை அசையவில்லை. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்; அவர் கேளாத பட்டியலொன்று விரிந்தது. "நான் என்னத்தையோ பழுதாக்கிப் போட்டன் மனே" என்று கைத்தொலைபேசியைப் பேரனிடம் நீட்டிவிட்டார். அவர் எதையும் பழுதாக்கவில்லை. தொடுதிரை அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் படும்போது மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தையே உணர்கிறது. வறண்டு காய்த்துப்போன தோலில் அந்த மாற்றம் குறைவாக இருக்கும் என்பதால் முதல் தொடுகை தவறிப்போகிறது, பிறகு வரும் நீண்ட அழுத்தமோ வேறொரு கட்டளையாகிவிடுகிறது. அண்ட்ரொயிட் அமைப்புகளின் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில், நீண்ட அழுத்தமாகக் கொள்ளப்படும் நேரத்தைக் கூட்டி வைக்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் இதை இன்றே செய்து கொடுக்கலாம்.

ஆனாலும் முதற் பொறுப்பு வடிவமைப்பவருடையது. ஆங்கிலத்தில் வரைந்த பொத்தானுக்குள் நீண்ட தமிழ்ச் சொல்லைத் திணித்து, அது அடங்காதபோது எழுத்தைச் சிறிதாக்குவது இங்கு வழமையாகிவிட்டது. அந்த அளவில் புள்ளி எங்கே, சுழி எத்தனை என்று மூத்த கண்ணுக்குத் தெரியாது. எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயற்பாடோ குறையக் கூடாதென்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டி (WCAG) 2008 முதல் கூறிவருகிறது. கால எல்லையை நீட்டிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கண்ணாடியைத் தேடியெடுத்துக் குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் அது காலாவதியானால், அடுத்த முறை கடவுச்சொல்லும் பேரனிடமே போய்விடும். பணத்தோடு தொடர்புடைய செயலிகளில் இது சிறிய விடயமல்ல.

ஆகவே சோதிக்கும்போது உங்கள் புதிய கைத்தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். முதியவர் தம்முடையதையே, தாம் வைத்திருக்கும் எழுத்தளவிலேயே பயன்படுத்தட்டும். பேரப்பிள்ளையைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள், முதியவர் தடுமாறும் இடத்தில் கையை நீட்டாமல் எங்கே தடுமாறினார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.