லயத்து வீட்டுச் சாவி

மலேசியாவின் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய என் பாட்டி, வேலை நின்ற மாதமே, தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டின் சாவியைத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் ஒப்படைத்தார். பிள்ளைகளுக்கென்று அவரிடம் மிஞ்சியவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜோடித் தோடும்தான்.

பெற்றோரின் வருமானம் சராசரிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்தக் குறைவில் எத்தனை பங்கு பிள்ளைகளிடமும் தங்குகிறது என்பதை வைத்தே பொருளியலாளர்கள் தலைமுறை முன்னேற்றத்தை அளக்கிறார்கள். அந்தப் பங்கு பாதி என்று கொண்டால், 100 ரிங்கிட் குறைவு மகளிடம் 50, பேத்தியிடம் 25, கொள்ளுப்பேத்தியிடம் 12.50 என்று கரைந்துவிட வேண்டும். அடிமைத்தனம் விட்டுச்சென்ற குறைவோ இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஏனெனில் எல்லாரும் ஒரே சராசரியை நோக்கி நகர்கிறார்கள் என்று கணக்கு நம்புகிறது, சட்டமும் பள்ளியும் நிலமும் அப்படி நகரவிடுவதில்லை.

அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 10 பேரில் ஏறத்தாழ ஒருவர் 1860-லேயே சுதந்திர மனிதர். மற்றவர்கள் உள்நாட்டுப் போர் முடியும்வரை அடிமைகள். இவ்விரு வகைக் குடும்பங்களின் வழித்தோன்றல்களையும் குடிக்கணக்கு ஏடுகளின் வழியே ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தபோது, பிந்தி விடுதலையான குடும்பங்கள் இன்றும் கல்வியிலும் வருமானத்திலும் சொத்திலும் பின்தங்கியிருப்பது தெரியவந்தது. விடுதலைக்குப் பிறகு அவர்கள் வாழ நேர்ந்த தென்மாநிலங்களின் இனப் பாகுபாட்டுச் சட்டங்களே அதற்குப் பெருங்காரணம். மூலதனம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதும் முக்கியம்: 1833-இல் அடிமை முறையை ஒழித்த பிரிட்டன், உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் அடைந்தது!

ஒப்பந்தத்தில் கட்டுண்டு தோட்டத்துக்கு வந்த சஞ்சிக்கூலி அடிமை அல்லர். அவரை விற்க முடியாது, ஒப்பந்தத்துக்கும் முடிவுநாள் உண்டு. இரண்டையும் ஒன்றாக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆனால், இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த அந்த ஒப்பந்த முறை 1910-இல் நின்று, கங்காணி என்ற மேற்பார்வையாளர் ஊரிலிருந்து ஆள் சேர்த்துவந்த கங்காணி முறையும் ஓய்ந்த பிறகும், வீடு வேலையோடு கட்டப்பட்டே இருந்தது. பட்டணத்துக் குமாஸ்தா தவணை கட்டிய வீடு அவர் பெயருக்கு வந்தது. அதைப் பிணையாக வைத்து மகனை மேற்படிப்புக்கு அனுப்பலாம். பாட்டி அத்தனை ஆண்டு குடியிருந்த வீடோ தோட்டத்தின் சொத்தாகவே நின்றது. தோட்டப் பள்ளியும் தொடக்கக் கல்வியோடு முடிந்ததால், என் அப்பாவின் தலைமுறைக்குத் தோட்ட வேலையே கைக்கெட்டிய முதல் வேலையாக இருந்தது.

பிற்பாடு பட்டர்வொர்த்தில் மலிவு விலை வீடு வாங்கியபோது, அப்பா முன்பணத்தைத் தம் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தார். பாட்டியின் தோட்டுக்கு அடுத்தபடியாக, அடகு வைக்க எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பொருள் அந்த வீடுதான்.