பிரியாணிக்கு நடுவே வரும் ஒரு கேள்வி

தேர்தல் சமயத்தில் என்னிடம் வரும் பிரச்சினைகளில் ஒரு வகைக்குக் காகிதத்தில் ஆதாரமே இருக்காது. ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலோ பெரிய ஆர்டர் முடிந்திருக்கும், ஓட்டலில் விருந்து நடக்கும். பிரியாணி வந்ததும் மேனேஜர், "என்னப்பா, இந்த வாட்டி யாருக்கு?" என்று கேட்பார். நம்ம ஆள் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். சில மாதம் கழித்து வேறு யூனிட்டுக்கு மாற்றல் வரும். உத்தரவில் 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று மட்டும் இருக்கும்.

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன், இதை நிரூபிப்பது மகா கஷ்டம். மாற்றல் என்பது பெரும்பாலும் வேலை நிபந்தனையிலேயே இருக்கும். அன்று கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சாட்சிக்கு வர மாட்டார்கள், அவர்களுக்கும் இன்கிரிமென்ட் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அது. ஆனால் சும்மா கேட்பதை அது தடுக்காது. நீங்களாகச் சொன்ன பிறகு வரும் விளைவுக்கும் அதில் மருந்து இல்லை. அரசியல் கருத்துக்காக வேலையில் பாகுபாடு கூடாது என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-வது உடன்படிக்கையை இந்தியா 1960-லேயே ஏற்றுக்கொண்டது. அதை மட்டும் நம்பித் தனியார் முதலாளி மேல் வழக்குப் போட்டால் ஜெயிப்பது சந்தேகம்தான்.

மத்திய அரசு ஊழியர் நிலைமை வேறு. 1964 நடத்தை விதிகளில் 5-வது விதிப்படி அவர் ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்கு என்று கோடிகூடக் காட்டக் கூடாது. தபால் ஆபீசில் இருப்பவருக்கு விருந்தில் இதுவே நல்ல சாக்கு: "ரூல்ஸ் இருக்கு சார், வாயைத் திறக்க முடியாது."

தனியார் ஊழியருக்கு அந்தச் சாக்கு கிடையாது. "ஓட்டு மட்டும் தவறாம போட்டுடுவேன் சார்" என்று சிரித்துவிட்டுக் கத்திரிக்காயைப் பக்கத்து இலைக்குத் தள்ளுங்கள். 'யார் ஜெயிப்பாங்க' என்று ஜோசியம் சொல்வதும் வேண்டாம், கேட்பவர் அதை உங்கள் ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வார். கட்சியை விட்டுவிட்டுப் பொது விஷயம் பேசலாமே என்றால், இந்த ஊரில் அதிலும் வில்லங்கம் உண்டு. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் ஷாப் முதலாளி மேசையில் பாலாற்றைப் பற்றிப் பேசுவது கட்சி பேசுவதைவிடச் சூடான சமாச்சாரம்!

இன்னொன்று, பல சமயம் அந்தக் கேள்வி கட்சியைப் பற்றியதே இல்லை. நம் பக்கத்தில் 'எந்தக் கட்சி' என்று ஆரம்பித்து 'எந்த ஊர்', 'எந்தத் தெரு' என்று போய் எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண்களிடமும் சிறுபான்மையினரிடமும் இது அதிகம் நடக்கிறது. மேனேஜர்களே, உங்களுக்குக் கீழ் வேலை செய்கிறவரிடம் இதைக் கேட்காதீர்கள். அவரால் உங்களை அதே கேள்வி கேட்க முடியாது.

"இன்னாருக்குப் போடு, இல்லைன்னா வேலை இல்லை" என்று மிரட்டினால் அது விருந்துப் பேச்சு அல்ல, தேர்தல் குற்றம். புதிய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 171, 174 பிரிவுகளில் வரும், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பணம் பிடிபட்டதால் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து ஆகஸ்டில் நடத்தினார்கள், அதனால் இங்கே யாரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற போன் எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கு முன் தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அன்றிரவே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதீர்கள், அப்புறம் என்னிடம் வரும்போது அந்தப் போனையும் கொண்டு வாருங்கள்.