நாலு பழைய சிபியுவைச் சேர்த்தால் ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஆகுமா?

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியம். காட்பாடியில் படிக்கிற பையன் ஒருவன் ஆட்டோவில் நாலு சிபியுவை ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்து இறங்கினான். ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்டவை. நாலும் நாலாம் தலைமுறை ஐ3, ஆளுக்கு 8 ஜிபி ராம்.

"ணா, நாலையும் சேத்து க்ளஸ்டர் போட்டா 32 ஜிபி மிஷின் ஆயிடும்ல? ஏஐ மாடல் ஒண்ணு ஓட்டணும்."

"ஆகாது தம்பி. மொதல்ல தண்ணி குடி."

இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள். காசு செலவழித்த பிறகு வந்தவர்கள்தான் அதிகம்.

க்ளஸ்டர் என்றால் பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் கோத்து ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பது. அதில் ஒவ்வொரு மிஷினின் ராமும் அதனதன் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கும். பக்கத்துப் பெட்டியில் இருப்பது வேண்டுமென்றால் நெட்வொர்க் கேபிள் வழியாக வரவழைக்க வேண்டும். அவன் கொண்டுவந்த டிடிஆர்3 1600 ராம், ஒரு சானலிலேயே (பிராசஸருக்குப் போகும் ஒரு பாதை) நொடிக்கு 12.8 ஜிபி தரக்கூடியது. கிகாபிட் கேபிள் என்னதான் முக்கினாலும் 125 எம்பி. நூறில் ஒரு பங்கு! மாடலைத் துண்டு போட்டுப் பல மிஷினில் ஓட்டும் மென்பொருள் இருக்கிறது, ஓடவும் ஓடும். ஆனால் நாலு பெட்டி சேர்ந்தால் நாலு மடங்கு வேகம் என்ற கணக்கு மட்டும் அங்கே நடக்காது.

அந்த 125 எம்பியும் சும்மா கிடைத்துவிடாது. அவன் பையிலிருந்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் நாலைத்தான் கிரிம்ப் செய்திருந்தார்கள். இணையம் வருமே தவிர 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 12.5 எம்பி, தாண்டாது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். "க்ளஸ்டர் ஸ்லோவா இருக்கு" என்று வரும் புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த யோசனையே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1994ல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் அந்தக் காலத்து 486 பிராசஸர் போட்ட 16 சாதாரண கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டில் கோத்துத்தான் 'பேவுல்ஃப்' க்ளஸ்டரைக் கட்டினார்கள். அவர்களிடம் பங்கு போடக்கூடிய வேலை இருந்தது. உங்களிடம் இருக்கிறதா?

3டி அனிமேஷன் செய்கிறவர்களிடம் இருக்கிறது. பத்து நொடிக் காட்சிக்கு 240 ஃபிரேம். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் ஒரே மிஷினில் 16 மணி நேரம். ஒரு ஃபிரேமுக்கு இன்னொன்றின் தயவு தேவையில்லை, ஆகவே நாலு மிஷினில் ஏறக்குறைய நாலு மணி நேரம். கணக்கு எழுதும் டேலிக்கும் கேமுக்கும் இது உதவாது. ஒரு மணி நேர வேலையில் 20 நிமிடம் பிரிக்க முடியாதது என்றால், மீதி 40ஐ நாலு பேர் பங்கிட்டாலும் மொத்தம் 30 நிமிடம் ஆகும். நூறு மிஷின் வைத்தாலும் 20க்குக் கீழே இறங்காது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லேயே போட்ட கணக்கு இது.

அதனால் முதலில் இரண்டே மிஷினைக் கோத்து நேரம் பாருங்கள். 60 நிமிட வேலை 33க்கு வந்தால் மேலே யோசிக்கலாம். 52ல் நின்றால் மூன்றாவதை வாங்காதீர்கள். க்ளஸ்டர் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ள மட்டும்தான் ஆசையென்றால் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று விர்ச்சுவல் மிஷின் (மென்பொருளாலேயே உருவாக்கும் கம்ப்யூட்டர்) போதும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா போனில் வந்தார். "கரண்ட் பில்லு யாருப்பா கட்றது?" நியாயமான கேள்வி. ஒரு பெட்டி சும்மா இருக்கும்போது 60 வாட் என்று வைத்தால்கூட, நாலும் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 345 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டணத்தின் கீழ் அடுக்கிலும் சலுகை குறையும். நம்மூர் வெயிலில், மாடியில் சிமெண்ட் ஷீட் அறையில் வைத்தால் பிராசஸர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் 600 விஏ யூபிஎஸ் நாலையும் ரொம்ப நேரம் தாங்காது.

கடைசியில் ஒரு பெட்டியைத் திறந்தேன். போர்டில் ராமுக்கு நாலு ஸ்லாட், மூன்று காலி. மற்ற மூன்றிலிருந்தும் ராமைக் கழற்றி, ரப்பரால் முனையைத் தேய்த்துச் செருகினோம். திரையில் 32 ஜிபி. மாடல் மெதுவாகத்தான் பேசுகிறது, ஆனால் பேசுகிறது. மிச்ச மூன்று பெட்டியும் என் கடை மூலையில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் இப்போது டீ கிளாஸ் வைக்கிறோம்.